முதற்குரல்

இரண்டு வயது நிறைந்த நான்காம் நாள் விஹான் டாக்டர் எபனேசரின் அறைக்குள் தானாகவே நடந்து வந்தான். மேசையருகே நின்று அவரை நிமிர்ந்து பார்த்து, "எப்ப வந்தீக?" என்று கேட்டான்.

எபனேசர் சிரித்துவிட்டார். முப்பது வருடங்களாகக் கோயம்புத்தூரில் குழந்தைகளைப் பார்த்து வருபவர் அவர்.

"காலையிலயே வந்துட்டேன். நீங்க?"

"நா இப்பத்தேன்" என்றான் விஹான்.

அவன் தாய் மதுவந்தி சிரிக்கவில்லை. அவள் ஒரு பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பொறியாளர். அவளும் கணவன் நந்தகோபாலும் கோவையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் 'வந்தீக' என்று பேசுகிற ஒருவர்கூடக் கிடையாது. அப்படிப் பேசுகிறவள் குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். பெயர் காளீஸ்வரி. ஊர் கமுதிப் பக்கம். விஹானை நான்காம் மாதத்திலிருந்து வளர்ப்பவள். பையன் பேசியதைக் கேட்டுச் சிரிப்பு வந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

எடை, உயரம், தலைச்சுற்றளவு எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்பது மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு விஹான் கையைத் தட்டி, "அம்புட்டுத்தேன்" என்றான். நர்ஸ் பர்வீன் அவன் சட்டையிலிருந்து பட்டன் அளவுள்ள ஒலிப்பதிவியைக் கழற்றினாள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய ஏழு நாள் குழந்தைகள் அதை அணிந்திருக்க வேண்டும் என்பது நான்கு வருடமாக இருக்கும் நடைமுறை. அதைக் கருவியில் பொருத்தியதும் திரையில் அறிக்கை வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கான். முந்நூத்திப் பன்னிரண்டு சொல் வச்சிருக்கான். இந்த வயசுல நூறு இருந்தாலே நான் கவலைப்பட மாட்டேன்" என்றார் எபனேசர்.

"அது சரிங்க டாக்டர். கீழ இருக்கிற வரி?"

"அது பேச்சுத் தடம். அவன் பேசற ஒவ்வொரு சொல்லும், அதை இழுக்கற விதமும் யார்கிட்ட இருந்து வந்ததுன்னு பிரிச்சுச் சொல்லுது."

நூற்றுக்குக் காளீஸ்வரி எழுபத்தொன்று. மதுவந்தி பதினான்கு. நந்தகோபால் ஆறு. மீதி மற்றவர்கள்.

"இதுல தப்பு வர வாய்ப்பிருக்குதுங்களா?"

"ரெண்டு மூணு முன்னப் பின்ன இருக்கலாம்."

"நான் தினமும் தூங்க வைக்கறப்போ கதை படிக்கிறேனுங்க. ஒரு நாள் விட்டதில்ல."

"அது அந்தப் பதினாலுக்குள்ள இருக்கும்மா."

மதுவந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எபனேசர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காளீஸ்வரியை உட்காரச் சொன்னார்.

"ஒரு குழந்தையோட பேச்சுல பாதிக்கு மேல ஒருத்தர்கிட்ட இருந்து வந்தா அவங்கள முதற்குரல்னு சொல்றோம். மூணு வயசுக்குள்ள அந்தக் குரல் திடீர்னு நின்னுபோச்சுன்னா குழந்தை பேச்சையே விட்டுடுது. நிறையப் பேருக்கு அப்படி ஆகியிருக்கு. அதனால பெத்தவங்களத் தவிர வேற யாராவது முதற்குரலா இருந்தா பதிவு பண்ணணும். மூணு வயசு முடியற வரைக்கும் நீங்க வேலைய விடக்கூடாது. அவங்களும் உங்கள நிறுத்த முடியாது."

"நிறுத்த முடியாதா?" காளீஸ்வரிக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது. இதற்கு முன் இரண்டு வீடுகளில் அவளைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தியிருந்தார்கள். "நல்லதுதான சார்" என்று சொல்லிவிட்டு, அவர் காட்டிய இடத்தில் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

மதுவந்தி மெல்லக் கேட்டாள். "அப்ப இன்னும் ஒரு வருஷத்துக்கு இவ எங்கயும் போக முடியாது. இல்லீங்களா டாக்டர்?"

"முடியாது."

அவள் முகத்தில் வலியும் நிம்மதியும் ஒன்றாக வந்ததை எபனேசர் பார்த்தார்.

*

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. அன்று யார் வேண்டுமானாலும் குழந்தையைக் கொண்டுவந்து இலவசமாகக் காட்டலாம். பதினேழாம் எண்ணைக் கூப்பிட்டதும் காளீஸ்வரி ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எம் மக சார். தன்ஷிகா. ரெண்டு வயசுக்கே கொண்டாந்திருக்கணும். லீவு கெடைக்கல. இன்னைக்கு அவுக ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காக."

விஹானைத் தூக்கிக்கொண்டு அவள் இந்த அறைக்கு ஆறு முறை வந்திருக்கிறாள். அவளுக்குக் குழந்தை இருக்கிறதா என்று எபனேசர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தன்ஷிகா விஹானைவிட மூன்று மாதம் மூத்தவள்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குழந்தை திரும்பவில்லை. பர்வீன் பின்னாலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டியதும் சட்டென்று திரும்பினாள். காது நன்றாக இருந்தது. எபனேசர் ஒரு பந்தை உருட்டிவிட்டார். அவள் அதைக் காலால் நிறுத்தினாள். பிறகு, எதிரே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்து, "வாருங்கள் நண்பர்களே" என்றாள்.

பர்வீன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"செல்லுல வர்ற பொம்மை அப்படித்தான் சொல்லும் சார்" என்றாள் காளீஸ்வரி. "எங்க லைன் வீட்டுல ராசாத்தியக்கான்னு ஒருத்தவுகதான் பாத்துக்கிறாக. எம் மகளோட சேத்து நாலு புள்ளைக. அவுக பை தைக்கணும்ல. செல்லக் குடுத்தாத்தான் அதுக ஒரு எடத்துல ஒக்காரும். நான் குத்தஞ் சொல்ல மாட்டேன்."

"உங்க வீட்டுக்காரர்?"

"போர்வெல் லாரியில இருக்காரு. வடக்க போனா மூணு மாசம் ஆகும் வர."

"நீங்க எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஏழுக்குப் போவேன். வர எட்டாயிரும். பாதி நாளு நான் வரையில தூங்கியிருக்கும்."

சுகாதாரப் பணியாளர் ஒருவர் முந்தைய வாரமே வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவியை மாட்டிவிட்டுப் போயிருந்தார். பர்வீன் அதைக் கருவியில் பொருத்தினாள். சொற்கள் பதினொன்று. பேச்சுத் தடத்தில் கைபேசி ஐம்பத்தெட்டு, ராசாத்தி இருபத்திமூன்று, காளீஸ்வரி ஒன்பது. கைபேசியைக் குரலாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் முதற்குரல் என்ற இடத்தில் 'இல்லை' என்று வந்தது.

"எனக்கு ஒம்பதா சார்?"

எபனேசர் தலையசைத்தார்.

"அங்க எழுவத்தொண்ணுன்னு சொன்னீக."

"ஆமாம்மா."

"என்கிட்ட இருக்கிறது மொத்தம் நூறுதான. அதுல அங்க எழுவத்தொண்ணு போச்சு. இங்க ஒம்பது. மிச்சம் இருபது எங்க சார் போச்சு?"

அது அப்படிக் கூட்டுகிற கணக்கு இல்லை என்று அவர் விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே விட்டுவிட்டார்.

"இவளச் சரி பண்ண முடியுமா?"

"முடியும். கண்ணப் பாத்துச் சிரிக்கிறா. காதுல குறையில்ல. செல்ல நிறுத்திட்டு அவகூட ஒருத்தர் நாள் பூரா பேசணும். நீங்களே பேசினா ஆறு மாசத்துல வித்தியாசம் தெரியும். மூணு வயசு தாண்டிட்டா ரொம்பப் பாடுபடணும்."

"அம்புட்டுத்தானா. அப்ப இந்த மாசத்தோட நான் நின்னுக்கிறேன். எப்படியாச்சும் சமாளிச்சுக்கிறோம்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. எபனேசர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நிக்க முடியாதும்மா. அன்னைக்குக் கையெழுத்துப் போட்டீங்களே."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மகளின் கவுனை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்.

"அவுக புள்ளைக்கு நான் வேணும்னு சட்டம் சொல்லுது. எம் புள்ளைக்கு நான் வேணும்னு சொல்லாதா?"

"சொல்லும். நீங்க தன்ஷிகாவோட முதற்குரலா இருந்திருந்தா சொல்லும்."

சொன்ன பிறகு அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மீறி நின்னா?"

"உங்க பதிவு போயிடும். எந்த வீட்டுலயும் குழந்தை பாக்கற வேலை கிடைக்காது. கேஸும் போடுவாங்க. அவங்களாச் சம்மதிச்சா மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு விடுவிக்கலாம். நான் பேசிப் பாக்கறேன்."

அவள் போன பின்பு அவர் அடுத்த எண்ணைக் கூப்பிடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த விதி வந்ததற்கு அவரும் ஒரு காரணம். ஐந்து வருடத்துக்கு முன் சென்னையில் நடந்த அரசுக் குழந்தை நலக் குழுக் கூட்டத்தில் அவர் மிருதுளா என்ற குழந்தையின் கதையைச் சொன்னார். ஏதோ ஒரு சண்டையில் வளர்த்த பெண்ணை ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வயது மிருதுளா பதினோரு மாதம் வாயே திறக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் குழந்தையை அவர் விவரித்தபோது அறையிலிருந்த இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விதி அன்றே உருவாகிவிட்டது. அனுப்பப்பட்ட பெண்ணின் வீட்டில் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

*

எபனேசர் கூப்பிட்டதும் மதுவந்தி மறுநாளே வந்தாள். அவர் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அவளுக்குக் குழந்தை இருக்குதுன்னு தெரியுமுங்க. இப்படின்னு தெரியாது" என்றாள். "விட முடியாதுங்க டாக்டர். விஹான் தாங்க மாட்டான். ஆனா அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. எங்க வீட்டுலயே இருக்கட்டும். நானும் ஒரு அம்மாதானுங்களே."

திங்கட்கிழமை முதல் தன்ஷிகாவும் அந்த வீட்டுக்குப் போனாள். ஐந்து வாரம் போனாள். 'அம்மா', 'தண்ணி', 'இந்தா' என்று சொல்லத் தொடங்கினாள். விஹானுக்குத் தன்னுடைய காளீஸ்வரி இன்னொரு குழந்தையைத் தூக்குவது பிடிக்கவில்லை. தன்ஷிகாவைக் கடித்தான். பிறகு அவள் செய்வதையெல்லாம் செய்ய ஆரம்பித்தான்.

ஆறாவது வாரம் நந்தகோபால் கைபேசியோடு கிளினிக்குக்கு வந்தான். "இதைப் பாருங்க டாக்டர்" என்று ஒரு வீடியோவைக் காட்டினான். விஹான் குளியலறைச் சுவரைப் பார்த்து, "வாருங்கள் நண்பர்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்ற பையன் செவுத்தோட பேசறானுங்க. இவன்கிட்ட இருந்து அந்தப் பாப்பாவுக்கு நாலு வார்த்தை போனாச் சரி, சந்தோசம். அங்கிருந்து இங்க வரலாமுங்களா?"

"குழந்தைங்க ஒண்ணப் பாத்து ஒண்ணு செய்யும். ரெண்டு மாசத்துல தானாப் போயிடும்."

"போகும்னு எழுதிக் குடுப்பீங்களா?"

எந்த மருத்துவரும் அப்படி எழுதித் தர முடியாது. எபனேசர் அதைத்தான் சொன்னார். அடுத்த நாளிலிருந்து தன்ஷிகா மறுபடியும் ராசாத்தியின் வீட்டுக்குப் போனாள்.

*

விஹானுக்கு முப்பதாம் மாதப் பரிசோதனை. இந்த முறை மதுவந்தி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காளீஸ்வரி பின்னால் பையோடு வந்தாள்.

கட்டைகளைச் சரியாக அடுக்கினான். பந்தை உதைத்தான். படப் புத்தகத்தில் யானை எங்கே என்று கேட்டபோது விரலால் தொட்டுக் காட்டினான். இது என்ன என்று கேட்டால் தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். பர்வீன் அறிக்கையைப் பார்த்துவிட்டுத் திரையை எபனேசர் பக்கம் திருப்பினாள்.

சொற்கள் நூற்று நாற்பத்திரண்டு. பேச்சுத் தடத்தில் மதுவந்தி நாற்பத்தி நான்கு, காளீஸ்வரி பத்தொன்பது, நந்தகோபால் பதினைந்து. யாரும் பாதியைத் தொடவில்லை. கீழே ஒரு வரி: ஏழு நாளில் காளீஸ்வரி குழந்தையிடம் பேசிய சொற்கள் இருபத்தாறு. ஆறு மாதத்துக்கு முன் அவள் ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் சொல் பேசியிருந்தாள்.

குழந்தையைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும்படி மதுவந்தியை அனுப்பிவிட்டு, காளீஸ்வரியை மட்டும் இருக்கச் சொன்னார்.

"உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார்."

"அவன்கிட்ட ஏன் பேசறதில்ல?"

அவள் பையின் ஜிப்பைப் பாதி திறந்து மூடினாள்.

"சோறு ஊட்டுறேன். குளிப்பாட்டுறேன். தூக்கிக்கிட்டுத் திரியிறேன். ஒரு நா லீவு போடல. நீங்க குடுத்த தாள ராசாத்தியக்காவ ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வேலைய விடக்கூடாதுன்னுதான் இருந்துச்சு. பேசணும்னு எங்கயும் இல்ல."

எபனேசருக்கு அந்தப் படிவம் மனப்பாடம். அவள் சொன்னது சரி.

"அவன் என்ன செஞ்சான்?"

"மொத வாரம் அழுதான். எம் மொகத்த ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருப்புவான். நான் வாயத் தொறக்காம அப்படியே இருப்பேன். பெறகு கேக்கிறத விட்டுட்டான். அடிச்சிருந்தாக்கூட அவனுக்கு மறந்திருக்கும் சார்."

"தன்ஷிகா?"

"வீட்டுப்படி ஏறினதும் ஆரம்பிச்சிருவேன். அவ தூங்குற வரைக்கும் வாய மூட மாட்டேன். விடிஞ்சு எந்திரிச்சதும் மறுபடி. முன்னெல்லாம் அங்கயே பேசிப் பேசி வீட்டுக்கு வந்தா நாக்கு எழும்பாது. நேத்து வேலைக்குக் கெளம்பயில, 'அம்மா எங்க போற'ன்னு கேட்டா. மூணு வார்த்தை சார்."

எபனேசர் அவளை வெளியே உட்காரச் சொன்னார். மதுவந்தியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே உள்ளே வந்து உட்கார்ந்தாள். குழந்தை பர்வீனிடம் இருந்தான்.

"இவன் பேச்சு குறைஞ்சதுக்குக் காரணம் இருக்கும்மா. காளீஸ்வரி…"

"தெரியுமுங்க டாக்டர்."

"எப்ப இருந்து?"

"அவ பேச்சை நிறுத்தின ரெண்டாவது வாரத்துல இருந்து. ஹால்ல கேமரா வச்சிருக்கறோம். ஆபீஸ்ல இருந்து அப்பப்போ பாப்பேன். ஒரு நாள் சத்தமே வரல. மைக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா குக்கர் விசில் கேக்குது. ஃபேன் சத்தம் கேக்குது. அவ குரல் மட்டும் இல்ல."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

மதுவந்தி கைக்குட்டையை விரலில் சுற்றினாள்.

"அன்னைக்குச் சாயந்தரம் நான் உள்ள நுழைஞ்சதும் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கிட்டானுங்க. ரெண்டு வருசத்துல அப்படி வந்ததே இல்ல. நான் வந்தா அவ இடுப்புல இருந்தபடியே திரும்பிப் பாப்பான், அவ்வளவுதான். சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அடுத்த நாளும் வந்தான். அப்புறம் சீக்கிரமே கிளம்பி வர ஆரம்பிச்சேன். டூர் போறத நிறுத்திட்டேன். அவகிட்ட நான் ஒண்ணும் கேக்கல. அவளும் ஒண்ணும் சொல்லல."

"அவனுக்கு நூத்தி எழுபது சொல் போயிருக்கு."

"பாத்தேனுங்க. திரும்ப வந்துருமுங்களா?"

"பெரும்பாலும் வந்துடும். நீங்க பேசிட்டே இருங்க."

சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தார். முதற்குரல் மாறினாலோ இல்லாமல் போனாலோ காரணம் எழுத வேண்டும். இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று இயல்பான மாற்றம். மற்றது பராமரிப்பாளரின் விலகல். இரண்டாவதில் குறியிட்டால் காளீஸ்வரி மேல் வழக்கு வரும். அவர் மதுவந்தியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு தாய்களுக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. குழந்தையைப் பற்றி அவர்கள் மூவரும் பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

முதற்குரல் பதிவு நீங்கியதால் அன்றே காளீஸ்வரி வேலையிலிருந்து விடுபட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளிடம் பர்வீன் காகிதத்தைக் கொடுத்தாள். கண்ணாடிக் கதவு வழியாக எபனேசர் பார்த்துக்கொண்டிருந்தார். பர்வீனின் கையை உதறிவிட்டு விஹான் காளீஸ்வரியின் மடியில் ஏறினான். முட்டி போட்டு நின்றுகொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு விரலால் அவள் உதடுகளைப் பிரித்து, குனிந்து, வாய்க்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்தான். அவள் தடுக்கவில்லை. பர்வீன் எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள்.

காளீஸ்வரி அவனை இழுத்து அணைத்துக்கொண்டு அவன் காதோரம் பேச ஆரம்பித்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நெடுநேரம் பேசினாள். மதுவந்தி நாலடி தள்ளி நின்றாள். அருகே வரவுமில்லை, கூப்பிடவுமில்லை. விஹான் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டு முடித்த பிறகும் பதிலுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் அவனை இறக்கிவிட்டு, பையைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.

*

அவளுக்கு ஒரு இட்லி மாவுக் கடையில் வேலை கிடைத்தது. குழந்தையை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். மூன்று வயதில் தன்ஷிகாவைச் சனிக்கிழமை கூட்டி வந்தாள். நூற்று அறுபது சொற்கள். தாயின் பங்கு ஐம்பத்திரண்டு. பந்தை உருட்டியதும் அதை எடுத்துத் தாயிடம் கொடுத்து, "வீட்டுக்குப் போவமா" என்றாள். விஹானும் அதே மாதங்களில் நானூறு சொல்லுக்கு வந்துவிட்டான். கோவைத் தமிழ்தான் பேசினான். யாராவது கேட்டால் மட்டும் பேசினான். தானாக ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எபனேசர் அதைக் குறித்துவைக்க விரும்பினார். படிவத்தில் அதற்கு இடமில்லை. பர்வீன் இரண்டு குழந்தைகளின் பெயருக்கு எதிரேயும் 'வளர்ச்சி சீர்' என்று பதிந்தாள்.

அந்த ஆண்டின் கடைசியில் சென்னையில் குழுக் கூட்டம் கூடியது. குழுவின் செயலாளர் ஒரு அறிக்கையை வாசித்தார். ஓராண்டில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில், பதிவு செய்த பராமரிப்பாளர்கள் வேலைக்கு ஒழுங்காக வந்துகொண்டே குழந்தையிடம் பேசுவதைத் திடீரென்று நிறுத்தியிருக்கிறார்கள். காரணம் தெரியவில்லை. வெவ்வேறு ஊர்கள், ஒருவரையொருவர் அறியாத பெண்கள். ஆகவே விதியில் ஒரு திருத்தம்: முதற்குரலாகப் பதிவு செய்தவர் நாளொன்றுக்குக் குறைந்தது ஆறாயிரம் சொற்கள் பேச வேண்டும்.

"டாக்டர் எபனேசர் இந்த விதிக்கு ஆரம்பத்துல இருந்து கூட இருந்தவர். அவர் கருத்தைச் சொல்லட்டும்" என்றார் செயலாளர்.

எபனேசர் எழுந்தார். முன்பு மிருதுளாவைப் பற்றிச் சொன்ன அதே அறை.

"ஒரு பொண்ணப் பத்திச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். ஒன்பதையும் எழுபத்தொன்றையும் சொன்னார். சுவரைப் பார்த்து நண்பர்களை அழைத்த குழந்தையைச் சொன்னார். தாளை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு அவள் பேச்சை நிறுத்தியதையும், பிறகு விடுவிக்கப்பட்டதையும் சொன்னார். ஊரையும் பெயரையும், கையெழுத்துப் போட்டது தான்தான் என்பதையும் மட்டும் விட்டுவிட்டார். "இந்த நூத்திப் பன்னிரண்டு பேர்ல எத்தனை பேருக்கு வீட்டுல மூணு வயசுக்குக் கீழ ஒரு குழந்தை இருக்கு? நம்ம படிவத்துல அந்தக் கேள்வியே இல்ல. அதை அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். ஆறாயிரம் சொல் பேசச் சொன்னா அதையும் அவங்க வீட்டுக் குழந்தைகிட்ட இருந்துதான் எடுத்துட்டு வருவாங்க."

யாரோ ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று எபனேசர் நினைத்தார்.

"ரொம்ப முக்கியமான விஷயம் டாக்டர்" என்றார் செயலாளர். உண்மையான அக்கறை அவர் குரலில் இருந்தது. "இவங்க தெரிஞ்சேதான் பேச்சை நிறுத்தறாங்கன்றதுக்கு இப்பத்தான் முதல் சாட்சி கிடைச்சிருக்கு. இது இல்லாமத்தான் ஒரு கேஸும் நிக்கல. அந்தப் பொண்ணு பேரு என்ன? அவளை விடுவிச்சுக் கையெழுத்துப் போட்ட மருத்துவர் யாரு?"

அவர் பேனாவைத் திறந்து காகிதத்தின்மேல் வைத்திருந்தார். மேசையைச் சுற்றி இருந்த பதினான்கு பேரும் எபனேசரைப் பார்த்தார்கள்.

அவர் வாயைத் திறந்தார். யாரைக் காப்பாற்ற நினைக்கிறோம், அவளையா தன்னையா என்று அவருக்கே தெரியவில்லை. மூடிக்கொண்டார்.

"டாக்டர்?"

அவர் உட்கார்ந்தார்.

செயலாளர் இன்னும் ஒரு முறை கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கூட்டக் குறிப்பில் 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டு, திருத்தத்தை வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொண்டார்.